எதுக்களிப்பு, குன்மம், அல்சர், கேஸ்: நம் பக்கத்து நெஞ்செரிச்சலின் கதை

இந்தக் காலாண்டு இதழின் உடல்நலப் பக்கத்துக்கு நெஞ்செரிச்சல் பற்றி எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் மருத்துவன் அல்ல, பழைய கதைகளைத் தேடிப் படிப்பவன். ஆகவே மருந்துச் சீட்டு எழுதாமல் வரலாற்றை எழுதுகிறேன். அதில் மருத்துவமும் தானாகவே வந்துவிடும்.

நம் குடியிருப்பில் காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எனக்கு அல்சர் இருக்கு சார், காபி ஆகாது" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு வெறும் கேஸ்தான்" என்பார் இன்னொருவர். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, புண் இருப்பதை உறுதி செய்தவர்கள் அவர்களில் மிகக் குறைவாகவே இருப்பார்கள். நெஞ்சு எரிந்தால் அல்சர், வயிறு உப்பினால் கேஸ். தமிழ்நாட்டில், அதிலும் நம் தென்மாவட்டங்களில், எல்லா வயிற்றுக் கோளாறும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

நான் பிறந்து வளர்ந்த மல்லாங்கிணற்றில் பழைய ஆட்கள் இப்படிப் பேச மாட்டார்கள். "நெஞ்சு கரிக்குது" என்பார்கள். "புளிச்ச ஏப்பமா வருது" என்பார்கள். எல்லாவற்றையும் விட நல்ல சொல் ஒன்று வைத்திருந்தார்கள்: "எதுக்களிச்சுக்கிட்டு வருது." உள்ளே போனது எதிர்த்துக்கொண்டு மேலே வருவதுதான் எதுக்களிப்பு. கைக்குழந்தை பால் கக்கினாலும் அதே சொல்தான். உலக மருத்துவம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. நெஞ்செரிச்சலின் காரணம் வயிற்றில் புண் அல்ல, வயிற்றில் இருக்க வேண்டியது மேலே ஏறுவதுதான் என்று கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆயிற்று. சொல் நம் ஆச்சிகளின் வாயில் ஏற்கனவே இருந்தது.

சித்த மருத்துவம் இந்த வகை நோய்களைக் குன்மம் என்ற தலைப்பின்கீழ் வைத்தது. குன்மம் எட்டு வகை என்பது சித்த நூல்களின் கணக்கு. எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம், வாயுகுன்மம் என்ற பெயர்களைப் பார்த்தாலே நோயாளி சொன்னதைக் கேட்டு வைத்த பெயர்கள் என்று தெரியும். எரிகிறது, வலிக்கிறது, வாந்தி வருகிறது, காற்று அடைக்கிறது. நோவு தாங்க முடியாமல் உடம்பு குன்றிப் போவதால் குன்மம் என்று விளக்கம் சொல்வார்கள். ஆயுர்வேதத்தில் அம்லபித்தம் என்ற பெயர் உண்டு. புளிப்பும் பித்தமும் சேர்ந்தது என்று பொருள். மாதவநிதானம் என்ற பழைய நோய்நாடல் நூல் அதற்கென்று தனி இடம் கொடுத்திருக்கிறது.

மருந்துகளைப் பார்த்தால் இன்னும் வியப்பு. குன்மத்துக்குச் சித்த மருத்துவர்கள் கொடுத்தவற்றில் சங்கு பற்பமும் பலகரை பற்பமும் முக்கியமானவை. சங்கையும் சோழியையும் சுத்தி செய்து, புடம் போட்டு எடுத்த சாம்பல் அது. சங்கின் ஓடு வேதியியல் கணக்கில் கால்சியம் கார்பனேட். இன்று மருந்துக் கடையில் மென்று தின்னக் கொடுக்கும் ஆன்டாசிட் மாத்திரைகள் பலவற்றிலும் கால்சியம் கார்பனேட்தான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வயிற்றெரிச்சலுக்கு மருந்தானது குருட்டு நம்பிக்கை அல்ல. அமிலத்தைக் காரம் முறிக்கும் என்ற அனுபவ அறிவு அதில் இருந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சங்கைச் சுட வேண்டாம். பற்பம் செய்வது தேர்ந்த சித்த மருத்துவர் வேலை.)

வயிற்றுக்குள் இருப்பது என்ன அமிலம் என்று மேற்கில் தெரிந்தது 1823 டிசம்பரில்தான். லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் முயல், குதிரை, கன்று, நாய் ஆகியவற்றின் இரைப்பை நீரைச் சோதித்து, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று ராயல் சொசைட்டியில் அறிவித்தார். பலர் நம்பவில்லை. உயிருள்ள உடம்புக்குள் இவ்வளவு கடும் அமிலமா என்று கேட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு விபத்து நடந்திருந்தது. 1822 ஜூன் 6 அன்று மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் தவறுதலாக வெடித்த துப்பாக்கியால் வயிற்றில் காயம்பட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்த ஓட்டை வழியாக உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, வெளியே இழுத்து, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். 1833இல் அது நூலாக வந்தது. கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்றும் அதில் எழுதியிருக்கிறார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. யார் வயிற்றில் நூல் விட்டு இழுத்தால்தான் சும்மா இருப்பார்கள்?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அல்சர் என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

எவரெஸ்டில் இருந்து நெய்யூருக்கு

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்பவர் 1890இல் இங்கிலாந்தில் பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் வேலை பார்த்தவர். மலையேறுவதிலும் ஓவியத்திலும் பித்து. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தார். அந்தப் பயணம் ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்ததோடு முடிந்தது. மனம் உடைந்து ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தவர், நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையைப் பார்த்தார். 1838இல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, பார்க்கப் போதுமான மருத்துவர்கள் இல்லை. லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு 1923இல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். உச்சிக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி இருக்கும்போது மூச்சு விட முடியாமல் நின்றுவிட்டார். இறங்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்து, இத்தோடு முடிந்தது என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக நெஞ்சை இரு கையாலும் அழுத்தி இருமினார். அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது. குளிரில் செத்து உரிந்த அவருடைய தொண்டைச் சவ்வுதான் அது. பிறகு நெய்யூருக்குத் திரும்பி, நம் மக்களின் வயிற்றை அறுத்துச் சரி செய்யும் வேலையைத் தொடர்ந்தார்.

வயிறு என்று சொல்லக் காரணம் உண்டு. நெய்யூருக்கு வந்தவர்களில் இரைப்பைக்கு அடுத்த சிறுகுடல் தொடக்கத்தில், அதாவது முன்சிறுகுடலில், புண் உள்ளவர்கள் மிக அதிகம். புண் ஆறித் தழும்பாகி, அந்தத் தழும்பு சுருங்கி, இரைப்பையின் வெளிவாயிலையே அடைத்துவிடும். தின்றது இறங்காது, மாலையில் மொத்தமும் வாந்தியாகும். ஆள் எலும்பும் தோலுமாக வருவார். சித்த நூல்கள் சத்திகுன்மம் என்றதில் இப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடைப்பைச் சுற்றிக்கொண்டு இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையை சாமர்வெலும் அவருடைய சகாக்களும் ஏராளமாகச் செய்தார்கள். உலகின் எந்த மூலையிலும் ஒரு கிராமத்து மருத்துவமனைக்கு இத்தனை வயிற்றுப்புண் அனுபவம் அன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே. 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவைச் சிகிச்சை பற்றி அவர் எழுதிய நூல் வந்தது. பிறகு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

ஏன் தெற்கே மட்டும் இத்தனை புண்? திருவிதாங்கூர் ஏழைகள் பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். சத்துக் குறைந்த அந்த உணவின்மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபின் சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைத் தின்ற எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அடுத்து வந்தவர் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்கோத்ரா. ரயில்வே ஊழியர்கள் நாடு முழுக்க இருப்பவர்கள், ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம். அவர்களை ஒப்பிட்டுப் பார்த்து, தென்னிந்திய ஊழியர்களுக்கு வயிற்றுப்புண் வடக்கத்தியர்களைவிட மிக அதிகம் என்று 1964இல் எழுதினார். ரொட்டியை மென்று தின்ன வேண்டும், எச்சில் நிறையச் சுரக்கும். குழைந்த சோற்றையும் குழம்பையும் மெல்லாமலே விழுங்கிவிடலாம். இதுதான் அவர் கண்ட காரணம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் இதையே வேறு பக்கத்தில் இருந்து பிடித்தார். தீட்டிய அரிசி தின்னும் இடங்களில் புண் அதிகம். தவிட்டோடு கூடிய கோதுமையும் சில சிறுதானியங்களும் பயறுகளும் தின்னும் இடங்களில் புண் குறைவு. தவிட்டில் உள்ள கொழுப்புப் பொருளில் காப்பு இருக்கலாம் என்பது அவர் கருத்து.

இந்த இடத்தில் நம் கரிசல் காட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரமே மானாவாரி பூமி. கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடச் சோறு. நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு. பிறகு மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி எல்லா வீட்டுக்கும் வந்தது. பசியைத் தீர்த்தது என்பதில் மறுபேச்சு இல்லை. கூடவே தவிடு போயிற்று, மெல்லுவதும் குறைந்தது. வயிற்றுப்புண்ணுக்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்து வரும் ஆஸ்திரேலியக் கதை அப்படிச் சொல்ல விடாது.

1954இல் மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்தது. அதோடு சேர்ந்த எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடைசிப் புகலிடம். வயிற்று வலி என்று பஸ் ஏறிப் போனவர்கள், வயிற்றில் நீளத் தழும்போடு திரும்பி வருவார்கள். "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டால் "அல்சராம்" என்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிய பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அல்சர் என்ற சொல்லுக்கு ஊரில் இருந்த மரியாதை அந்தத் தழும்பு கொடுத்தது. பிறகு யாருக்கு நெஞ்சு கரித்தாலும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எதுக்களிப்பு என்ற நல்ல சொல் மெல்ல ஒதுங்கிப் போயிற்று.

மாத்திரைகளின் காலம்

1970கள் வரை மாத்திரைகள் பெரும்பாலும் அமிலத்தை முறிப்பவைதான், சுரப்பதைச் சரிவரத் தடுப்பவை அல்ல. ஜெலுசில், டைஜீன் என்று வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் வந்த திரவங்கள் முறிக்கும் வகை. வீட்டில் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததும் அதே வகை. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் கட்டளையையே மறித்தார். அப்படி வந்த சிமெடிடின் 1976இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1981இல் ரானிடிடின். 1988இல் ஒமெப்ரசோல். இது இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்பையே நிறுத்திவிடும். நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் கொடுத்தது. ஆகவே இந்திய நிறுவனங்கள் இவற்றை வேறு வழியில் தயாரித்து மலிவாக விற்றன. மல்லாங்கிணற்றுப் பெட்டிக்கடை வரைக்கும் கேஸ் மாத்திரை வந்து சேர்ந்தது இப்படித்தான். பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979இல் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்தார். அமிலத்தில் கிருமி வாழாது என்று எல்லோரும் சொன்ன காலம். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்து கிருமியை வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை யாரும் எடுத்துப் பார்க்காமல் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதைத்தான் இன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிறோம். உலகம் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலையே குடித்து, வயிற்று அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. நெய்யூரிலும் மதுரையிலும் கத்தியால் தீர்த்த நோயில் பெரும்பங்கு, இரண்டு வார ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் தீரக்கூடியது என்று ஆயிற்று.

ஆனாலும் டோவியின் கேள்வி முழுதாகத் தீரவில்லை. கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கிறது. இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் அது குடியிருக்கிறது. பிறகு ஏன் தெற்கே மட்டும் புண் அதிகமாக இருந்தது? கிருமி விதை என்றால் சாப்பாடு மண்ணாக இருந்திருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இதற்கிடையில் நெஞ்செரிச்சலின் தனிக் கதை சத்தமில்லாமல் நடந்தது. 1935இல் நியூயார்க்கின் ஆஷர் விங்கெல்ஸ்டைன், இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயை அரிக்கிறது என்று முதன்முதலாகத் தெளிவாக எழுதினார். 1956இல் மேயோ மருத்துவமனையில் உணவுக்குழாயின் உள்ளழுத்தத்தை அளந்து, அதன் அடிமுனையில் வால்வு போல வேலை செய்யும் தசைப்பகுதி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டிய வாசல் அது. அந்த வாசல் நேரம் கெட்ட நேரத்தில் திறந்தால், அல்லது சரியாக மூடாவிட்டால், அமிலம் மேலே வரும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உள்பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அது இல்லை. அதனால்தான் எரிகிறது.

ஆக, புண் வேறு, எதுக்களிப்பு வேறு. இன்று நம்மில் அல்சர் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலருக்கு இருப்பது இரண்டாவது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சல், குனிந்தால், படுத்தால் அதிகமாவது, வாயில் புளிப்புத் தண்ணீர், இரவில் வறட்டு இருமல், காலையில் குரல் கம்மல். இவை எதுக்களிப்பின் முகங்கள். புண்ணின் வலி பெரும்பாலும் மேல்வயிற்றில் இருக்கும். வெறும் வயிற்றிலோ நடுராத்திரியிலோ எழுப்பிவிடும்.

வாசல் ஏன் தளர்கிறது? தொப்பை கீழிருந்து அழுத்துவது முதல் காரணம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வருவதும் இந்த அழுத்தத்தாலும் ஹார்மோனாலும்தான், குழந்தை பிறந்ததும் போய்விடும். புகை, மது, சில ரத்த அழுத்த மாத்திரைகள். பிறகு கொழுப்பு நிறைந்த, வயிறு முட்டிய, நேரங்கெட்ட சாப்பாடு. இங்கே விருதுநகர்க்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பொரித்த பரோட்டாவையும் சால்னாவையும் இரவு பத்தரை மணிக்குப் பிசைந்து அடித்துவிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் என்ன ஆகும்? கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும், வாசலையும் தளர்த்தும். படுத்த உடம்பில் அமிலம் மேலே வர ஏற்றமே இல்லை. பரோட்டாவை விடச் சொல்லவில்லை. அதை ஏழு மணிக்குத் தின்னலாமே என்றுதான் கேட்கிறேன்.

நம் பக்கத்தில் மிளகாய்க்கு ஒரு பழி உண்டு. வத்தல் விலையை நாட்டுக்கே சொல்லும் மார்க்கெட் விருதுநகர். போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்காவில் இருந்து மிளகாய் வந்த பிறகுதான் குன்மம் வந்தது என்று சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். எட்டு வகைக் குன்மம் பிரித்த மரபில் மிளகுக் காரமே பழையது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மிளகாய் புண்ணை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. ஏற்கனவே அமிலத்தில் வெந்த உணவுக்குழாயில் அது பட்டால் எரியும், அவ்வளவுதான். ஒருவருக்குக் காரம் ஆகாது, இன்னொருவருக்குக் காபி ஆகாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே குறித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பழக்கம் சோடா. காளிமார்க் நிறுவனம் 1916இல் விருதுநகரில்தான் பிறந்தது, ஆகவே சோடாவும் எங்கள் ஊர்ச் சொத்து என்று எங்களுக்குப் பெருமை உண்டு. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சோடா குடித்து, பெரிய ஏப்பம் விட்டால் செரித்துவிட்டது என்று நினைப்போம். ஏப்பம் என்பது அந்த வாசல் திறப்பதுதான். காற்று வெளியே வரும்போது அமிலமும் கூட வர வழி கிடைக்கிறது. ஒரு நிமிடச் சுகம், பிறகு எரிச்சல்.

மருந்தைவிடப் பழக்கம் முன்னே நிற்கிறது. உடல் எடையைக் குறைத்தால் பலருக்கு எரிச்சல் குறைகிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலத்துக்குக் கட்டை வைக்கலாம். தலையணையை அடுக்குவதால் பயனில்லை, வயிறு மடங்கி அழுத்தம் கூடும். இடப்பக்கம் படுத்தால் இரைப்பை வாசலைவிடக் கீழே இருக்கும். சிவகாசிப் பக்கம் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கும், நம் குடியிருப்பில் மடிக்கணினி முன் கூனிக்கொண்டு இருக்கிறவர்களுக்கும் ஒரே ஆலோசனைதான்: சாப்பிட்டவுடன் குனியாமல் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு உட்காருங்கள்.

மாத்திரை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் முழுப் பயன். சாப்பிட்ட பிறகு எரிகிறதே என்று போடுவது பாதி வீண். பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் வரை எழுதித் தருவார்கள். நம் பகுதியில் பலர் அந்தப் பழைய சீட்டையே காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். நீண்ட காலம் போட்டால் பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையலாம், ஆகவே தொடர வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிறுத்துவதும் அவர் சொன்னபடி படிப்படியாக. திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிடக் கூடும், உடனே மறுபடி மாத்திரைக்கு ஓடுவோம். ரானிடிடின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் பொருள் உண்டாவது தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் கடைகளில் இருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022இல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் அது நீங்கியது. வீட்டு மருந்துப் பெட்டியில் பழைய அட்டை கிடந்தால் பாருங்கள்.

விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை இருந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக எரிச்சல் தொடங்கினாலும் அப்படியே. மூட்டுவலிக்கு அடிக்கடி வலிமாத்திரை போடுகிறவர்களுக்கு உண்மையான புண் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கேஸ் என்ற சொல். நெஞ்சு என்று நாம் சொல்லும் இடத்தில்தான் இதயமும் இருக்கிறது, உணவுக்குழாயும் இருக்கிறது. இரண்டின் வலியும் மூளைக்கு ஏறக்குறைய ஒரே பாதையில் போகிறது. ஆகவே மாரடைப்பு பல நேரம் வெறும் நெஞ்செரிச்சலாகவோ மேல்வயிற்று அழுத்தமாகவோ வேஷம் போட்டு வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி வருவது இன்னும் சகஜம். "கேஸ்தான், ஒரு ஈனோ குடிச்சாச் சரியாப்போகும்" என்று விடியும் வரை காத்திருந்தவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும். எரிச்சலோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், வலி இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், படியேறும்போது வந்து நின்றால் குறைந்தால், அது வயிற்றின் வேலை என்று நாம் முடிவு செய்யக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் திரும்பி வந்து இந்த இதழைப் படிக்கலாம்.

நம் மூன்று பிளாக்கிலும் இரவில் யாருக்காவது இப்படி ஆனால் காவலர் அறையில் உடனே சொல்லுங்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகிற மின்தூக்கி எது என்பதும் ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதும் அங்கே எழுதி ஒட்டியிருக்கிறது. வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தனிச் சுற்றறிக்கை வரும் என்று செயலாளர் சொல்லச் சொன்னார்.